மலைக்கு இன்று விடுமுறை

எட்டுப் பேர். ஒன்பது நாள்.
அச்சடித்த தாளில் மூன்றாம் நாள், காலை ஆறு மணி:
எரிமலை தரிசனம்.
அது அலுவலகம் எழுதியது.
நான் எழுதியிருந்தால்
'மலைக்கு இஷ்டமிருந்தால்' என்று சேர்த்திருப்பேன்.

ஆறு மணிக்கு வெள்ளை.
ஏழுக்கும் வெள்ளை.
சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு
இதற்குப் பின்னால்தான் மலை என்று
யாரோ சொன்ன மாதிரி.
கறுப்பு பீன்ஸ் கிளறிய சோறு தட்டுகளில் ஆறிப்போக
எட்டுப் பேரும் என்னைப் பார்க்கிறார்கள்,
பூட்டிய கடையின் சாவி
என் இடுப்பில் தொங்குவதைப் போல.

நான் யோர்லெனி. பதினான்கு வருடமாய் வழிகாட்டி.
மேகம் விலக்கும் வித்தை எனக்குத் தெரியாது.
வண்டிக் கண்ணாடியில் ஆவி படர்ந்திருந்தது.
விரலால் வரைந்தேன்:
இது கூம்பு, இது வாய்,
இந்தச் சரிவில்தான் குழம்பு இறங்கி வந்தது,
இந்த இடத்தில் அலுத்துப்போய் நின்றது,
இதோ, அதற்கு இருபது அடி கீழே
என் சித்தப்பாவின் பன்றிப் பட்டி.
சிரித்தார்கள்.
வில்பர்த் குளிர்காற்றைத் திருப்பிவிட்டான்.
மலை அழிந்தது. கிளம்பினோம்.

காட்டுக்குள் ஜாகுவார் கேட்டார்கள்.
நான் காட்டியது
ஓர் இலையின் அடியில் கட்டைவிரல் நகமளவு தவளை.
வயிறு கண்ணாடி. உள்ளே
இதயம் அடித்துக்கொள்வது தெரியும்.
நெட்டை மனிதர் ஹல்வார்,
பறவைப் பட்டியலில் நூற்று எழுபத்திரண்டை எட்டியவர்,
முட்டி போட்டுக் குனிந்தார்.
"இது பறவை இல்லையே" என்றார்,
யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல.
பிறகு பேனாவை மூடினார்.

இங்கே மழை வருவதில்லை.
அது இருக்கிறது; நாம்தான் அதற்குள் போகிறோம்.
ஓதீலின் ஒரு காலணியைச் சேறு வாங்கிக்கொண்டது.
திருப்பித் தந்தபோது அதற்கு வேறு நிறம்.

எட்டாம் நாள் இரவு, பசிபிக் கரை.
கேமரா கூடாது. பேச்சு கூடாது.
சிவப்பு விளக்கு ஒன்று, அதுவும் என் கையில்.
ஆமை வந்தாள்.
ஒரு கதவை முதுகில் கட்டி இழுத்து வருகிறவளைப் போல.
துடுப்பால் மணலைக் கிண்ணம் கிண்ணமாக
அள்ளிப் போட்டாள், அரை மணி நேரம்.
நான் கிசுகிசுத்தேன்: இனி நூறு முட்டைகள்.
எட்டு மூச்சுகள் நின்றன.
அவளும் நின்றாள்.
என்ன தோன்றியதோ,
வெறுங்குழியை அப்படியே போட்டுவிட்டுக்
கடலைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

"ஏன்?"

மணலின் ஈரம், வேர், நாய் வாடை,
தூரத்து ஓட்டலின் விளக்கு:
பயிற்சியில் படித்த நான்கு காரணங்கள்
நாக்கு நுனியில் வரிசையில் நின்றன.
"தெரியாது" என்றேன்.
இந்த வேலையில் நான் அதுவரை சொல்லாத சொல்.
யாரும் எழுந்திருக்கவில்லை.
டிராக்டர் ஓட்டியது போன்ற அவள் தடத்தில்
கீழ்ப் பாதியை அலை எடுத்துக்கொண்டது.
மேல் பாதியை நாங்கள்
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சான் ஹொசே விமான நிலையத்தில்
கை குலுக்கி உறைகள் தந்தார்கள்.
ஹல்வாரின் உறையில் பணத்தோடு
பட்டியலிலிருந்து கிழித்த கடைசிப் பக்கம்.
நூற்று எழுபத்திரண்டுக்குக் கீழே, எண் போடாமல்:
தவளை. இதயம்.
ஆமை. வந்தாள், போனாள்.

திரும்பும் வழியில், பாலம் தாண்டிய வளைவில்,
வில்பர்த் சட்டென்று வண்டியை ஓரங்கட்டினான்.

மலை.

உச்சி முதல் அடிவரை
நூலளவு மேகமில்லாமல்,
குளித்துத் தலை துவட்டி நிற்கிறது,
கொஞ்சமும் வெட்கமில்லாமல்.
பின்னால் எட்டு இருக்கைகளும் காலி.
"போன் போட்டுச் சொல்லட்டுமா?" என்றான்.
அவர்கள் இந்நேரம் மேகங்களுக்கு மேலே
காகிதக் கோப்பையில் காப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள்.

நான் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தேன்.
மாலை வெயில் சாய்வாக விழுந்ததில்
விரல் எண்ணெயின் தடம் தெரிந்தது:
அன்று வரைந்த கோடுகள், அப்படியே.
ஓர் இருக்கை நகர்ந்து, தலையைச் சாய்த்து,
கோட்டை மலைமேல் பொருத்திப் பார்த்தேன்.
வலது சரிவை அதிகமாய் இழுத்திருக்கிறேன்.
வாய் சரியில்லை, இடம் தப்பு.
பன்றிப் பட்டி மட்டும்
கச்சிதம்.