அழுத்தினால் மூட வேண்டும்

எர்மெக் போனில் சொன்னது இவ்வளவுதான்:
இருபத்தேழாம் வாரம்.
நாடி நூற்று இருபத்திரண்டு.
ஆக்சிஜன் எண்பத்தொன்பது.
"சி.டி. எடுக்கணும், அக்கா."

எங்கள் ஆஸ்பத்திரியில் சி.டி. இல்லை.
பிஷ்கெக்கில் இருக்கிறது. நடுவில் முந்நூறு கிலோமீட்டர்,
நடுவுக்கும் நடுவில் தோலோன் கணவாய்,
அதன்மேல் மதியத்திலிருந்து பனி.
ஆம்புலன்ஸ் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தான் சபார்,
யாரும் சொல்லாமலே.

நரினில் என்னிடம் இருப்பவை இரண்டு.
என்னைவிட மூத்த எக்ஸ்ரே;
சூடேற ஏழு நிமிடம், அதுவரை முனகும்.
ஒரு சக்கரம் ஒடிந்த அல்ட்ராசவுண்ட்;
நுகம் பழகாத மாடு மாதிரி
இடப்பக்கமே இழுக்கும்.

வயிற்றைச் சுற்றி ஈயக் கவசம் கட்டி
முதலில் மார்புக்குப் படம் எடுத்தேன்.
குல்சைரா மூச்சுக்கு நடுவே கேட்டாள்: "குழந்தைக்கு?"
"தூசு அளவுதான்" என்றேன்.
தூசு என்று சொல்லும்போது
கையில் ஈயம் கனத்தது.

படம் வந்தது.
இரண்டு நுரையீரலும் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்.

மூன்று வருடம் முன்பு இதே மேசையில் ஜுமாலி.
வயிறு தொட்டால் மெத்தென்று இருந்தது, வலியோ ஊரைக் கூட்டியது.
நாடி ஒழுங்கில்லாமல் தாவியது.
எக்ஸ்ரே சூடாக இருந்தது, அதனால் எக்ஸ்ரே எடுத்தேன்.
வேறு காரணம் இல்லை.
'இயல்பு' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
விடிவதற்குள் அவர் குடல் கறுத்துவிட்டது.
பனி இல்லாத இரவு அது.
கணவாய் திறந்துதான் இருந்தது.

தெளிந்த படமும் மூச்சு வாங்கும் பெண்ணும்
ஒரே அறையில் இருந்தால்
பெண்ணைத்தான் நம்ப வேண்டும்.

"காலைக் காட்டு" என்றேன்.
"மூச்சுக்கு எதுக்குக் கால்?"
மர்லென், அவள் கணவன், தொப்பியைப் பிசைந்தபடி.
எர்மெக்கும் அதையே கண்ணால் கேட்டான்.

இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை.
அட்-பஷியிலிருந்து வரும் வழியெல்லாம் அவளும் கழற்றவில்லை,
வந்து சேர்ந்த பின் நாங்களும் கழற்றவில்லை.
வலது கெண்டைக்கால் வெறும் கெண்டைக்கால்.
இடதில் கம்பளியின் வரிகள்
ஈர மண்ணில் ஏர் இறங்கிய மாதிரி.

ஜெல் சில்லிட்டது, துள்ளினாள்.
தொடை மடிப்பில் தொடங்கினேன்.
துடிப்பது தமனி, பக்கத்தில் படுத்திருப்பது சிரை.
வித்தை ஒன்றுமில்லை இதில்:
மெல்ல அழுத்தினால் நல்ல சிரை
தூங்கப்போகும் கண் மாதிரி மூடிக்கொள்ளும்.
மூடியது.
ஒரு விரல் கீழே. மூடியது.
இன்னொரு விரல். மூடியது.
எர்மெக் கடிகாரத்தைப் பார்த்தான்.
வெளியே சபார் எஞ்சினைக் கிளப்பி அணைத்தான்.
முழங்காலுக்குப் பின்னால்
அழுத்தினேன்.
விழித்திருந்தது.
மறுபடி, கொஞ்சம் பலமாக.
விழித்தே இருந்தது,
உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ,
ஆறி உறைந்த கூழ் போல.

"ஹெபாரின்."
எர்மெக் ஓடினான்.

நுரையீரலுக்குள் நான் போய்ப் பார்க்கவில்லை.
அங்கே எத்தனை கட்டி, எந்தக் கிளையில்,
தெரியாது.
இங்கிருந்துதான் போயிருக்கும்; இரண்டுக்கும் மருந்து ஒன்றே.
பார்க்காமல் விடுவதற்கும்
பார்க்க வேண்டாம் என்று விடுவதற்கும்
நடுவில் ஒரு மயிரிழை.
அதன் அந்தப் பக்கம் ஜுமாலி நிற்கிறார்.

மெஷினை அணைப்பதற்கு முன்
கருவியின் முனையை வயிற்றில் வைத்தேன்.
திரையில் அரிசி அளவில் ஒரு படபடப்பு.
"அது என்ன?"
"இதயம்."
"யாருடையது?" என்றான் மர்லென்,
கேட்ட பிறகு அவனே வெட்கப்பட்டான்.

சபாரிடம் சொல்லி அனுப்பினேன்:
இன்றிரவு கிளம்ப வேண்டாம்.
சங்கிலியைக் கழற்றவும் வேண்டாம்.

துடைக்கும் காகிதம் தீர்ந்துபோயிருந்தது.
குல்சைரா தன் காலுறையாலேயே
ஜெல்லைத் துடைத்துக்கொண்டாள்.
பிறகு அந்த ஈரக் காலுறையை
எங்கே வைப்பது என்று தெரியாமல்
கையிலேயே வைத்திருந்தாள்.