இரண்டு ஏக்கர் பதினான்கு சென்ட்

புதுவயல். தண்டவாளத்துக்கு மேற்கே,
அரிசி ஆலையின் உமிச்சாம்பல்
மத்தியானத்துக்கு மேல் வந்து உட்காருகிற செம்மண் திடல்.
சர்வே எண்ணில் ஒரு பின்னம் தவறு; திருத்தியாயிற்று.
இனி இது பூங்கா.
நான் வரைய வேண்டும்.

செயல் அலுவலர் சொன்னார்:
முதல்ல கார நிறுத்தும்மா, மத்தத அப்புறம் பாப்போம்.

நாற்பது கார்.
ஒன்றுக்கு இரண்டரைக்கு ஐந்து மீட்டர்,
திரும்புவதற்கு ஆறு.
தாள் முழுக்க மாதக் காலண்டர் போலக் கட்டங்கள்,
முகூர்த்த நாளில் மட்டும் நிறையப்போகிறவை.
முடித்துவிட்டுப் பார்த்தால்
வாலிபால் ஒரு மூலையில் ஒண்டி நிற்கிறது
பந்தியில் இலை கிடைக்காத சித்தப்பா மாதிரி.
கபடி, தாளுக்கு வெளியே.

மூன்று நாள் குடை பிடித்துக்கொண்டு எண்ணினேன்.
செவ்வாய்: கார் ஆறு, பைக் நாற்பத்தொன்று,
ஐஸ் வண்டி ஒன்று (எந்த வகையில் சேர்ப்பது?)
புதன்: கார் நான்கு. அதில் ஒன்று
மாசி மாதத்திலிருந்து அங்கேயே நிற்கிறது,
பானட்டின் மேல் ஆடு.
வெள்ளி, வளர்பிறை முகூர்த்தம்: எழுபத்து மூன்று.
சென்னைப் பதிவெண், பெங்களூர்ப் பதிவெண்,
பூச்சரம் சுற்றிய கறுப்பு வண்டி ஒன்று
வரத்துக்காலை மறித்துக்கொண்டு.

வரத்துக்கால்.
மறந்தே போனேன்.
மழைத்தண்ணீர் திடலைக் குறுக்கே கடந்து
ஊருணிக்குப் போகிற வழி.
என் தாளில் அது
பதினெட்டாம் எண் காரின் வயிற்றுக்குள் ஓடியது.
ரப்பரை எடுத்தேன்.
பதினெட்டு போனது, துணைக்குப் பத்தொன்பதும்.

சனிக்கிழமை சாயங்காலம் நாகூர் கனி,
சர்வீஸ் போடுவதில் கெட்டிக்காரன்,
"மேடம், இங்கன நின்னு ஒரு தடவ பாருங்க" என்றான்.
நின்றேன், மேற்கே பார்த்து.
வலையின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது சூரியன்.
பந்து வந்ததாம்.
தோளில் பட்ட பிறகுதான் எனக்குத் தெரியும்.
ராத்திரியே ஆடுகளத்தை வடக்குத் தெற்காகத் திருப்பினேன்.
இன்னும் ஏழு கார் போனது.

கவுன்சிலர் ஆவுடையப்பனுக்கு
திடல் முழுக்க பேவர் பிளாக் வேண்டும்.
வருகிற விருந்தாளி பட்டுப்புடவையோடு
சேற்றில் இறங்கலாமா என்றார்.
பிளாக் சூளை அவர் மைத்துனருடையது என்பதை
யாரும் சொல்லவில்லை. நானும்தான்.

கூட்டத்துக்கு வந்திருந்த கபடிப் பெண்களில்
இன்னாசியம்மாள் எழுந்தாள்.
பேசுவாள் என்று நினைத்தோம்.
டிராக் பேன்ட்டைச் சுருட்டி முட்டியைக் காட்டினாள்:
பள்ளிக்கூடத்து சிமென்ட் தரை எழுதியது.
எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

அவர்கள் கேட்டது பன்னிரண்டுக்கு எட்டு.
கிட்டத்தட்ட ஐந்து கார்.

ஆட்டம் நடக்கையில் கார் இல்லை,
கார் நிற்கையில் ஆட்டம் இல்லை.
இதைச் சொல்ல வரைபடத்தில் குறியீடு கிடையாது.
ஒரே மண்ணில் இரண்டு விதமாகப் போட்டேன்:
காருக்குப் புள்ளிக்கோடு, கபடிக்கு முழுக்கோடு.
எது மேலே, எது கீழே என்று
சிவகங்கையிலிருந்து போனில் கேட்டார்கள்.
முழுக்கோடு மேலே என்றேன்.
குரல் நடுங்கியதா, நினைவில்லை.

கோப்பு ஐந்து வாரம் கழித்து வந்தது.
ஓரத்தில் பச்சை மையில்:
மண் தரையாகவே விடலாம்.

முகூர்த்தத்துக்கு வருகிறவர்கள்
இன்னமும் பாதிப் பேர் ரோட்டில்தான் நிறுத்துகிறார்கள்.
பஸ் ஹாரன் அடிக்கிறது.
அதற்கு என்னிடம் விடை இல்லை.

திறப்பு விழாவன்று நான் தாமதம்.
ஸ்கூட்டியைக் கிடைத்த இடத்தில் செருகிவிட்டு ஓடினேன்.
ரிப்பன், கைதட்டல், ஆறிப்போன காப்பி.
இன்னாசியம்மாள் தோளைத் தொட்டாள்:
"மேடம், வண்டி போனஸ் கோட்டுல நிக்கிது."

சாவியை எடுத்துக்கொண்டு போனேன்.
நான் வரைந்த இடம்தான்.
எங்கே நிறுத்துவது என்று
ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன்.