அறுபத்திரண்டு, எழுபத்திரண்டு

பாஸலில், ரைன் நதிக்கு இரண்டு தெரு தள்ளி
மூன்றாம் மாடியில் ஓர் அறை.
சோபா, கம்பளி, தட்டில் நாலைந்து மாந்தரின் பழம்.
சும்மா இருப்பதற்கே படித்த இருவர்:
டாக்டர் ஆம்ஸ்லர், தாதி ரெகூலா.
முல்ஹவுஸிலிருந்து எல்லை தாண்டி
என் மனைவி நதேழ் கொண்டுவந்து விட்டாள்,
பழுதுபார்க்க வண்டி விடுவதுபோல.
'சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாமா?' என்றுகூடக் கேட்டாள்.

மாத்திரை சிறியது.
மாலியில் தலைவலிக்குத் தின்றது இதைவிடப் பெரிது.

கண்ணைக் கட்டினார்கள்.
எனக்குக் கண்கட்டு புதிதல்ல,
பிறர் கண்ணைக் கட்டியவன் நான்.
அரைமணிக்கொரு தடவை கையில் பட்டை இறுகி
இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு விடும்.
முதல் மணி ஒன்றுமில்லை.
ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்தபோது
கால்விரல்கள் இளகின,
பூட்ஸுக்குள் இருப்பதை மறந்ததுபோல.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.
பிரெஞ்சில் அறுபத்திரண்டு, சுவசாந்த்-தெ.
எழுபத்திரண்டு, சுவசாந்த்-தூஸ்.
காற்று வீசினால் இரண்டும் ஒன்று.
அதனால்தான் வயர்லெஸ்ஸில் தனித்தனியாக,
ஆறு, இரண்டு, என்று சொல்ல விதி.
அதற்காகவே மைதானம் சுற்றி ஓடியிருக்கிறேன்.
காவோவுக்கு வடக்கே, மூன்று இரவு தூங்காத காலையில்
சேர்த்துச் சொல்லிவிட்டேன்.
ஹெலிகாப்டர் வேறொரு மணல்மேட்டைச் சுற்றியது.
பதினோரு நிமிடம்.
எர்வான் கெர்மரெக், பிரெஸ்ட் ஊர்க்காரன்,
ஏழாவது நிமிடம்வரை என்னிடம் பேசிக்கொண்டிருந்தான்,
சிகரெட்டைப் பற்றி.

குற்றமில்லை என்றது விசாரணை.
காகிதம் இருக்கிறது. பதக்கமும்.

அடுத்த வாரம் ரெகூலா ஒலிப்பதிவைப் போட்டாள்.
'இரண்டு மணி நேரம்
எங்களுக்குத் தெரியாத மொழி' என்றாள்.
பதினான்கு வருடம் படையில் ஒரு சொல் தமிழ் இல்லை.
வீட்டிலும் அப்படித்தான்.
புதுச்சேரிச் சொல்தா மகன் பிரெஞ்சுதான் பேசவேண்டும்,
தமிழ் அம்மா திட்டுவதற்கு.
இப்போது ஒலிப்பெட்டியில் என் குரலில் ஒருவன்
அறுபத்திரண்டு, எழுபத்திரண்டு,
அறுபத்திரண்டு, எழுபத்திரண்டு என்கிறான்,
கடையில் சில்லறை எண்ணுகிற நிதானத்தில்.
தமிழில் அவை வாசலிலேயே பிரிந்துவிடுகின்றன,
இது ஆனா, அது ஏனா.
எந்தப் புழுதியும் குழப்ப முடியாது.
விமானிக்குத்தான் தமிழ் தெரியாது.

பிறகு பதிவில் ஒரு சத்தம். டக்கு டக்கு.
ஜனவரியில் பாஸல் முழுக்க நிலவறைகளில்
ஃபாஸ்நாக்ட் திருவிழாவுக்கு மேளம் பழகுவார்கள்.
கீழே யாரோ ஒரு பிள்ளை,
ரப்பர் தட்டின் மேல்,
ஒரே இடத்தில் தவறுகிறது. நிற்கிறது.
மறுபடி முதலிலிருந்து.
குப்பை லாரி மூடினாலே மேசைக்கடியில் போகிறவன் நான்.
பதிவில் சிரிக்கிறேன்.
'பரவால்லடா, திருப்பி அடி.'

என்ன சொன்னாய் என்று கேட்டார் ஆம்ஸ்லர்.
என்னை நானே மொழிபெயர்க்க வேண்டும்,
இந்தக் கட்டடத்தில் வேறு ஆளில்லை.
பஸ்ஸில் காலை மிதித்தவனிடம் சொல்வது என்றேன்.
குழம்பு சுமார் என்றாலும் அதுதான்.
முட்டி கிழிந்தவன் எழுந்துகொண்டே சொல்வான்.
'அப்படியானால் மன்னிப்பா?'
இல்லை, அவ்வளவு பெரிய சொல் இல்லை.
'யாரிடம் சொன்னாய், மேளம் அடித்தவனிடமா?'
நான் மாந்தரின் உரித்துக்கொண்டிருந்தேன்.
வெள்ளை நாரைக்கூட விடாமல் உரித்தேன்.

குணமாகிவிட்டதா என்று நதேழின் அக்கா கேட்கிறாள்.
நேற்றும் வேர்த்து எழுந்தேன்.
போர்வை மாற்றிவிட்டுத் திரும்பப் படுத்தேன்,
அது புதுசு.

பிரான்சில் தொலைபேசி எண்ணை
இரண்டிரண்டாகச் சேர்த்துத்தான் சொல்வார்கள்.
எர்வானின் அம்மாவுடையது முடிவது எழுபத்திரண்டில்.
ஒன்பது வருடம் பர்ஸில் கிடந்து
மடிப்பில் எழுத்து தேய்ந்த காகிதம்.
ஞாயிற்றுக்கிழமை, மழை,
நதேழ் கார் சாவியோடு வாசலில் நின்றபடி
வருகிறாயா இல்லையா என்கிறாள்.
தனித்தனியாக அழுத்துகிறேன், வாய்விட்டு, தமிழில்.
எட்டு எண் ஆயிற்று.

ஏழு.