உறவுமுறை

என் மகனுக்கு வயது அறுபத்து மூன்று.
எனக்கு முப்பத்தெட்டு.
சிரிப்பீர்கள். அவரும் சிரித்தார்,
ஈஸ்டர் இரவில் தலை துவட்ட நான் துண்டு நீட்டியபோது.

பட்டர்வொர்த்தில், டயர் கடைக்கு மேல்மாடி.
செவ்வாய், வியாழன், சனி
பிறை துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டிய கை
என் முன் மலர்ந்து கிடக்கும்.
ஊசி ஏற்றுவேன். நான்கு மணி நேரம்
ரத்தம் வெளியே போய்த் திரும்பி வரும்.
"பேசிக்கிட்டே இரு மிஸ்ஸி" என்பார் சடையாண்டி.
பேச என்னிடம் என்ன இருந்தது?
மழை, பாலத்து நெரிசல், மீன் விலை,
எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை வாசகம்.

அவராகத்தான் கேட்டார்.
ஃபாதரிடம் அவராகத்தான் போய்
என் பெயரையும் சொல்லிவிட்டு வந்தார்,
ஞானத்தாய் என்று.

எனக்கு ஞானமும் இல்லை, நான் தாயும் இல்லை.
பாதி ஞாயிறுகளில் பூசைக்கு
என் உடம்பு மட்டுமே வருகிறது.
ஆனாலும் அரைவயிறாய்க் கிடந்தவளுக்கும்
பால் சுரக்கிறதே,
அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

விசுவாசப் பிரமாணத்தை வரிவரியாய்ச் சொல்லிக்கொடுத்தேன்,
மெஷின் அலறும்போதெல்லாம் நிறுத்தி.
'உடலின் உயிர்ப்பு' வந்ததும்
ஊசி இல்லாத கையைத் தூக்கினார்:
"இதே கிட்னியோடயா மிஸ்ஸி? இல்ல, வேறயா?"
தெரியாது என்றேன்.
"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த 'அப்ப சரி'யில்தான்
எனக்குள் ஏதோ ஒன்று
புரண்டு படுத்தது.

அவர் வலது தோளில் என் வலது கை.
உள்ளங்கைக்கு அடியில் எலும்பு.
காலரில் தண்ணீர் சொட்டியது.
மெழுகு என் விரலில் விழுந்தது, உதறவில்லை.
தோமா என்று பெயர் வைத்தோம்,
சந்தேகம் வந்தால் கேட்கலாம் என்று.

நவம்பர். செபராங் ஜெயா மருத்துவமனை, அவசரப் பிரிவு.
படிவத்தில் உறவுமுறை என்றொரு கட்டம்.
முக்காடிட்ட பெண் பேனாவோடு நிமிர்ந்தாள்:
"அனாக்?"
ஆமாம், பிள்ளைதான் என்றால் வரிசை நகர்ந்திருக்கும்.
"இபு" என்றேன்.
என்னைப் பார்த்தாள்.
அவருடைய அடையாள அட்டையைப் பார்த்தாள்.
பிறந்த வருடத்தை விரலால் ஒருமுறை தொட்டாள்.
பின்னால் யாரோ இருமினார்கள்.

அவள் என்ன எழுதினாள் என்று பார்க்க நான் நிற்கவில்லை.
நடைவழியில், ஸ்ட்ரெச்சரில்,
தாகமா இருக்கு என்றார்.

டம்ளர் கூடாது. அளவு எனக்குத் தெரியும்.
பஞ்சை நனைத்து
உதட்டில் வைத்தேன்.