எழுத்துக்கு முப்பது ரூபாய்

மண்டபம் நண்டுக் கம்பெனி வாசலுக்குப்
புதுப் பலகை வேண்டுமாம்.
"செயற்கை நுண்ணறிவுன்னு பெருசாப் போடு"
என்று சொல்லிவிட்டு சீனிக்காசிம் முதலாளி
தொண்டிக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

பெயின்டர் இன்னாசி எழுத்துக்கு முப்பது ரூபாய்.
புள்ளி வைத்ததும் எழுத்துதான் அவருக்கு.
ஒன்பது, இருநூற்றெழுபது என்று விரல் மடக்கியவர்
பிரஷ்ஷை நனைக்காமல் நின்றார்.
"என்னன்னு தெரியாம எழுத மாட்டேன், நம்புஈஸ்வரி.
எங்க இருக்கு அது? காட்டு."

முதலில் சங்கைக் காட்டினேன்.
விடியற்காலை மூன்றுக்கு ஊதுவது.
கடிகாரத்துக்குள் யாரோ ஒரு பல்லைத் திருகி வைத்ததோடு சரி.
தடைக்காலம் அறுபத்தோரு நாளும்
படகில்லாத கடலைப் பார்த்து ஊதியது.
நாய்கள் மட்டும் ஷிப்டுக்கு வந்தன.
"இதுவா அறிவு?"
இல்லை. இது தானியங்கி.
"அஞ்செழுத்து" என்றார், முகம் சுருங்கி.

பிறகு பெல்ட்டுக்கு மேலே தொங்கும் கேமரா.
அதற்கு இன்னது செய் என்று ஒருவரும் எழுதித் தரவில்லை.
நாலாயிரம் நண்டு காட்டினோம்.
இது சதை நண்டு, இது தண்ணி நண்டு என்று
ஒவ்வொன்றுக்கும் பொத்தானை அமுக்கியது நான்.
பதினோரு நாள். கட்டைவிரல் தோல் உரிந்தது.
அப்புறம் அதுவே பிரித்தது, என்னைவிட வேகமாக.

ஒரு மாதம் கழித்து
கனத்த மூக்கையூர் நண்டையெல்லாம் ஒதுக்க ஆரம்பித்தது.
தேடிப் பார்த்தால், பழக்கிய நாட்களில்
தண்ணி நண்டு வந்ததெல்லாம் ஒரே படகில்,
நீல நூல் வலையில்.
காலில் சிக்கிய நூலைத்தான்
நண்டின் குறையென்று படித்து வைத்திருந்தது.
வலையோடு வந்துவிட்ட கடல்குதிரையைக்கூட
'தண்ணி நண்டு, தொண்ணூற்றொரு சதவீதம்' என்றது
கூச்சமே இல்லாமல்.
அது சொன்னதும் தள்ளிவிடுகிற இரும்புக் கை இருக்கிறதே,
அது சங்கின் சாதி. ஏன் தள்ளுகிறோம் என்று தெரியாது.

"கேமராவுக்கு என்ன பேரு?"
இயந்திரக் கற்றல்.
"பத்து!" முகம் மலர்ந்தது.
"அப்ப முதலாளி சொன்னது?"

ஆபீஸ் போனை எடுத்துக் கொடுத்தேன். பேசும் அது.
இன்னாசி வாயருகே வைத்துச் சத்தமாகக் கேட்டார்:
"நாளைக்குக் கச்சான் எப்படி?"
"கச்சானில் புரதம் மிகுதி. வறுத்து உண்ணலாம்."

அக்கரையில் கச்சான் என்றால் நிலக்கடலை.
இக்கரையில் படகைப் புரட்டும் காற்று.
ஒரு ஜலசந்தி அளவுக்குப் பிசகியிருந்தது.
"காத்தைக் கேட்டேன்யா" என்றதும்
மன்னிப்புக் கேட்டது. வேகம் சொன்னது, அலையின் உயரம் சொன்னது,
போகுமுன் துறைமுகத்துக் கொடியைப் பாருங்கள் என்றது.
இன்னாசி கொஞ்ச நேரம் பேசவில்லை.
"சொன்னா திருத்திக்குது.
சங்கு திருத்திக்குமா?"

வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல்,
இரண்டையும் சேர்த்துத்தானே கடல் என்கிறோம்.
முதலாளி கேட்டது அந்த மாதிரிப் பெரிய பெயர்.
கேமரா பழகிய விதம் அதற்குள் ஒரு விரிகுடா.
போனும் அப்படிப் பழகியதுதான்,
நண்டுக்குப் பதிலாக ஊர்ப்பட்ட வாக்கியங்களைத் தின்று.
சங்கு கரையில் நிற்கிறது.
அதன் சத்தம் தண்ணீர் மேல் போகும், அவ்வளவே.

இதையெல்லாம் சொன்னேனா, நினைத்தேனா,
இப்போது நினைவில்லை.
இன்னாசி ஒன்பது எழுத்தையும் எழுதி முடித்தார்.
கீழே காசு வாங்காமல் ஒரு நண்டு வரைந்தார்,
அதன் பின்னங்காலில்
மெல்லிசாக ஒரு நீல நூல்.

முதலாளி வந்து பார்த்தார். பிடித்திருந்தது.
நூலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் மூன்றுக்குச் சங்கு ஊதியது.
கச்சான்.
ஒரு படகும் போகவில்லை.