கேள்வி பதினேழு

கூட்ட அறையில் காபி ஆடை கட்டிவிட்டது.
விழிப்புணர்வுப் பிரிவின் மேலாளர் க்ளிஃபர்ட் ஊஸ்டர்
எண்களைத் திரையில் ஏற்றுகிறார்:
பதினோராயிரத்து நானூற்று அறுபத்திரண்டு வீடுகளுக்கு
வழுவழுத் தாளில் நான்கு வண்ணத் துண்டறிக்கை.
திரும்பி வந்த அட்டைகள் முந்நூற்றுப் பன்னிரண்டு.
தொலைபேசியில் கேட்டதில் பத்துக்கு எட்டுப் பேர்
"குழாய் போகிறது, தெரியும்" என்றார்களாம்.

தெரியும் என்றால் என்ன?
இதைக் கேட்கத்தான் இருபத்திரண்டு வருடமாக
மினசோட்டா அரசு எனக்குச் சம்பளமும்
கதவு சரியாக மூடாத ஒரு ஃபோர்டு வண்டியும் தருகிறது.
பற்றவைத்த இடத்தைப் பார்க்கிறவனுக்கு எக்ஸ்ரே உண்டு.
துருவை அளக்கிறவனுக்குக் குழாய்க்குள் ஓடும் கருவி உண்டு.
ஒரு தாள் ஒரு தலைக்குள் போனதா என்று பார்க்க
என்னிடம் இருப்பது படிவம், பேனா.

கேள்வி பதினேழு:
எந்தெந்த மொழிகளில் அனுப்பினீர்கள், எதை வைத்து முடிவு செய்தீர்கள்?
"ஆங்கிலம், ஸ்பானிஷ்" என்றார்.
எதை வைத்து என்றேன்.
தண்ணீர் குடித்தார்.

மறுநாள், அறுபத்து மூன்றாம் மைல்.
வான்கோழி ஆலைக்குப் பின்புறம், சோயா வயலின் ஓரத்தில்
குத்தகைக்கு விட்ட நீளத் துண்டு நிலம்.
பதினான்கு கரென் குடும்பங்கள் அதைக் கொத்திப் பயிரிடுகின்றன.
மஞ்சள் எச்சரிக்கைக் கம்பம் இங்கேதான் என்கிறது வரைபடம்.
கம்பத்தைக் காணோம்.

இருந்தது.
பயிற்றங்கொடி அதைச் சுற்றிச் சுற்றி ஏறி
உச்சியில் ஒரு விரற்கடை மஞ்சளை மட்டும் விட்டுவைத்திருந்தது.
நௌ பௌ வா சொன்னதை, இரவுப் பணி முடிந்து
கண் சிவந்து நின்ற சா லெர் து மொழிபெயர்த்தார்:
"நல்ல கம்பம். எந்தக் காற்றுக்கும் சாயாது."

துண்டறிக்கையைக் கேட்டேன்.
கொட்டகையிலிருந்து எடுத்து வந்தாள்.
அதன் மேல் கடுகு விதை காய்ந்துகொண்டிருந்தது.
விதையைச் சிந்தாமல் ஒதுக்கினோம், மூவருமாக.
அடியில் ஒரு மூக்கின் படம்:
அழுகிய முட்டை வாடை வந்தால் உடனே விலகுங்கள்.

அந்த மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
இந்தப் பெருங்குழாயில் வாடை கிடையாது.
ஊருக்குள் பிரியும் இடத்தில்தான் அதைக் கலக்கிறார்கள்.
இங்கே கசிந்தால் சீறும், மண் பறக்கும், புல் கருகும்.
முட்டை நாறாது.
வேறெந்த நிறுவனத்தின் தாளிலிருந்தோ இரவல் வாங்கிய மூக்கு.
இரண்டு மொழியில் தப்பாகச் சொன்னதை
மூன்றாம் மொழியிலும் சொல்லச் சொல்லியிருப்பேன் நேற்று.

"தரையிலிருந்து திடீரென்று சீறல் கேட்டால்
என்ன செய்வீர்கள்?" என்றேன், படிவத்தில் உள்ளபடி.
அவள் யோசிக்கவே இல்லை.
"காற்றுக்கு எதிர்த்திசையில் ஓடுவோம்.
அடுப்பு மூட்ட மாட்டோம். எதையும் எடுக்கத் திரும்ப மாட்டோம்."
எங்கே கற்றீர்கள் என்ற கேள்வி படிவத்தில் இல்லை.
நானும் கேட்கவில்லை.

"ஓடிய பிறகு யாருக்குச் சொல்வீர்கள்?"
அதற்குத்தான் யோசித்தாள்.
கொடியை விலக்கி எண்ணைக் காட்டினேன்.
அவளே அழுத்தினாள். ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல்:
ஆங்கிலத்துக்கு ஒன்று. ஸ்பானிஷுக்கு இரண்டு.
நௌ பௌ வா என்னைப் பார்த்தாள்.
மூன்றை அழுத்தினாள்.
மன்னிக்கவும் என்றது குரல், மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கியது.

அறிக்கையில் நான்கு குறைபாடுகள் எழுதினேன்.
பதில் தர முப்பது நாள்.
ஊஸ்டர் கெட்டவர் இல்லை; அறுபது நாள் கேட்பார்.
கம்பம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது விதி,
கொடியை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டியவள் நான்.
சொன்னேன்.
காய் முற்றட்டும் என்றாள், பத்து நாள்.
எண் இருக்கும் உயரத்துக்கு மட்டும்
இருவருமாக இலைகளைக் கிள்ளினோம்.

கிளம்பும்போது ஒரு பிடி பயிற்றங்காயை நீட்டினாள்.
அன்பளிப்புகள் பற்றிய பிரிவை மனதுக்குள் புரட்டினேன்.
ஐந்து டாலருக்குள்தான் இருக்கும்.
வண்டிக் கதவு முதல் இழுப்பில் மூடவில்லை.