நனைந்த சாக்கு

கேட்டது நாற்பது மீட்டர்.
கொடுத்தது ஒரு பூப்பந்துத் திடல்,
அதிலும் மூலையில் மின்மாற்றிப் பெட்டிக்கு
இரண்டடி விடச் சொல்லி.

செனோக்கோவில் நிலம் அப்படித்தான்.
லாரி திரும்பும் வளைவைக்கூட
யாரோ அளந்து வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்.

அதனால் மேலே போனோம்.
தரையடியில் சமன்தொட்டி,
அதன் தோளில் காற்றுத்தொட்டி,
அதற்கும் மேல் கட்டுக்கட்டாய்ச் சவ்வுக் குழல்கள்,
சேமியாவை உலர்த்தியது போல.
சேறு தானாய்த் தெளியட்டும் என்று
அகலமாய்ப் படுத்துக்கிடக்கும் குளம் இதில் கிடையாது.
நீரை இழுத்து வடிக்கிறோம்.
காத்திருக்க இங்கே இடமில்லை.

மீனுருண்டை ஆலை அனுப்பும் வெள்ளைக் கலங்கல்,
சம்பால் ஆலையின் செவ்வெண்ணெய்,
புதன்கிழமைகளில் மட்டும்
எங்கிருந்தோ வரும் சர்க்கரைப் பாகு
எல்லாம் வந்து சேர்ந்து
மூக்கும் முழியுமாய் நிற்கிறது ஆலை.

என் மூக்கைப் பற்றி
ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை.
மூன்று நாள் காய்ச்சல், இரண்டு வருடத்துக்கு முன்.
இறங்கும்போது அதையும் கூட்டிப் போய்விட்டது.
முகத்தில் முழுசாக இருக்கிறது;
வேலைக்குத்தான் வருவதில்லை.

மீட்டர் காட்டுகிறது பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.
முதலாளிக்கு அது போதும்.
சுவருக்கு அந்தப் பக்கம் தோஃபு காய்ச்சும்
மேடம் குவெக்குக்குப் போதாது.
பழைய கழிவுக்குழியைப் பற்றி
பதினேழு புகார் கொடுத்தவர்.
அந்தத் தொலைபேசி எண் அவருக்கு
மகன் எண்ணைவிட நன்றாகத் தெரியும்.

"ஷஹீதுல், சேறு எப்படி?"
மூடியைத் திறந்து குனிகிறார்.
"நனைந்த சாக்கு, மிஸ்."
"நேற்று?"
"நேற்று முட்டை."
"அழுகியதா?"
"இல்லை. அவித்தது. அவித்து மறந்தது."

அந்த ஒரு சொல்லை நம்பி
ஊதியின் வேகத்தை நாலு ஹெர்ட்ஸ் கூட்டினேன்.
பதிவேட்டில் காரணம் எழுதவில்லை.

கதவுப் பலகை நான்கு மொழிகளில்.
தமிழை என்னிடம் தள்ளிவிட்டார்கள்.
'நாற்றமற்ற' என்று வந்த வரைவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
பூவுக்கும் அதே சொல்தான் ஒரு காலத்தில்.
இடையில் என்ன நடந்ததோ, யார் புகார் கொடுத்தார்களோ.
அடித்துவிட்டு 'கழிவுநீர் நிலையம்' என்று மட்டும் எழுதினேன்.

இருபதாம் தேதி மேடம் குவெக் வேலியோரம் வந்தார்,
இடுப்பில் ஈரத்துண்டு, காலில் மஞ்சள் பூட்ஸ்.
"எப்போது ஓட ஆரம்பிக்கும் இது?"
ஒன்பதாம் தேதியிலிருந்து ஓடுகிறது என்றேன்.

நம்பவில்லை.
தன் ஆலையின் சாமி மாடத்திலிருந்து
ஓர் ஊதுபத்தியைக் கொண்டுவந்து நீட்டினார்,
எரிவதை.
மூடியின் விளிம்போரம் பிடித்தேன்.
மேலே போக வேண்டிய புகை
கழுத்தைத் திருப்பி
இடுக்குக்குள் நுழைந்தது.
உள்ளே விசிறி இழுக்க,
தேங்காய்நார்ப் படுகை, கரி, பிறகு ஒன்றுமில்லை.
இத்தனை நாள் நான் கட்டியதை
அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

மேடம் குவெக் "ஓ" என்றார்.
பதினெட்டாவது புகாரை எங்கே வைப்பது என்பது போல
கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தார்.
மாலையில் வேலியில் ஒரு பை தொங்கியது,
சூடு ஆறாத தோஃபு ஆறு துண்டு.

படிக்கட்டில் உட்கார்ந்து தின்றோம்.
எனக்குச் சூடு தெரிந்தது. மிருது தெரிந்தது.
"எப்படி இருக்கிறது, ஷஹீதுல்?"
வாய் நிறைய வைத்துக்கொண்டு யோசித்தார்.
"தோஃபு மாதிரி, மிஸ்."

ஒப்படைப்புப் படிவம். வாடை: இல்லை.
'உணர்ந்தவர்' என்ற கட்டத்தில்
அவர் பெயரை எழுதினேன்.
விரல் வைத்து எழுத்தெழுத்தாய்ப் படித்துவிட்டு
"ஒரு எச் விட்டுப்போச்சு, மிஸ்" என்றார்.